திருச்சிராப்பள்ளிச் சுருட்டு: எளிய விலைப் புகைப்பொருளின் தேர்வும் காப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையில் பெயர் பெற்ற திருச்சிராப்பள்ளிச் சுருட்டு, தமிழகத்தில் எளிய மக்களின் புகைப்பொருளாகத் தொடங்கியது. நல்ல சுருட்டைத் தேர்வதற்கும் கெடாமல் காப்பதற்கும் உரிய அறிவு எங்கு உருவானது, யாரிடம் இருந்தது, அதன் பயனும் இழப்பும் யாரைச் சேர்ந்தன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல் வரலாறு, இலை விளைந்த நிலம், பாடம் செய்யும் முறை, சேமிப்பு, தொழிலாளர் சட்டம் ஆகிய சான்றுகளின் வழி, 'தரம்' என்பது கடையில் வாங்குவோர் செய்யும் தேர்வாக மட்டும் அமையாமல், உழவர் முதல் சுருட்டுபவர் வரை பலர் செய்த தேர்வுகளின் தொடராக அமைந்தது என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுருட்டு, திருச்சிராப்பள்ளி, உறையூர், திண்டுக்கல், புகையிலை, பாடம், தரம் பிரித்தல், பீடி, கூலி.

முன்னுரை

தமிழகச் சுருட்டைப் பற்றிய பொது எழுத்துகள் பெரும்பாலும் இரு செய்திகளைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று, ஆர்தர் கோனன் டாயிலின் துப்பறியும் கதைகளில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இடம்பெற்றது. மற்றொன்று, வின்ஸ்டன் சர்ச்சில் இதனை விரும்பினார் என்பது. முதலாவது அச்சில் உள்ள சான்று. இரண்டாவது, திருச்சிராப்பள்ளியிலும் திண்டுக்கல்லிலும் தத்தம் ஊர்ப் பெருமையாகச் சொல்லப்பட்டு வருவது. ஒரே பெருமைக்கு இரண்டு ஊர்கள் உரிமை கோருவது சிந்திக்கத்தக்கது. பொருள் எங்கு உருவானது என்னும் வினாவுக்கு விளம்பரப் பெயரால் விடை காண இயலாது என்பதை அது உணர்த்துகிறது.

புகழ்பெற்ற நுகர்வோர் வழியாக எழுதப்பட்ட இவ்வரலாற்றில், குறைந்த பொருள் கொண்டு சுருட்டு வாங்கியவரும் அதனைச் செய்தவரும் இடம்பெறுவதில்லை. சுருட்டோ அடிப்படையில் எளிய விலைப் பொருள். எனவே அதன் தேர்வும் காப்பும் பற்றிய அறிவை எளியோர் பக்கமிருந்து காண்பது தேவையாகிறது.

1. சொல்லும் பொருளும்

சுருட்டு என்பது வினையடியாகவும் பெயராகவும் நிற்கும் சொல். இலையைச் சுருட்டுதலாகிய செயலே பொருளுக்கும் பெயராயிற்று. இச்சொல் போர்த்துகீசிய மொழியில் 'சருத்தோ' எனவும் ஆங்கிலத்தில் 'செரூட்' எனவும் வழங்கலாயிற்று. யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதன் மூலம் தமிழ்ச் சொல்லே எனக் குறிக்கிறது.

1669 முதல் 1679 வரையிலான காலத்தில் வங்கக் கடலை ஒட்டிய நாடுகளைக் கண்டு எழுதிய தாமஸ் பௌரி என்னும் ஆங்கில வணிகரின் குறிப்பு இங்குக் கருதத்தக்கது. ஏழை மக்கள் புகையிலையை அப்படியே சுருட்டி ஒரு முனையில் தீயிட்டு மறுமுனையை உதட்டில் வைத்துப் புகைத்ததையும், போர்த்துகீசியர் அதற்கு வழங்கிய பெயரையும் அவர் பதிவு செய்துள்ளார். இதன்வழி இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. குழாயோ பிற கருவியோ வேண்டாத, செலவு குறைந்த முறையாகவே சுருட்டு பிறந்தது. அதனைக் கண்ட அயலார் உள்ளூர்ச் சொல்லையே எடுத்துக்கொண்டனர்.

புகையிலை இந்தியாவுக்குப் போர்த்துகீசியர் வழி வந்த அமெரிக்கப் பயிர். 1604ஆம் ஆண்டளவில் பீஜப்பூரிலிருந்து அக்பர் அவைக்குப் புகையிலை கொண்டு செல்லப்பட்டதை அசத் பேக் எழுதியுள்ளார். ஜஹாங்கீர் 1617இல் அதனைத் தடை செய்தார். தமிழ்நாட்டில் புகையிலை வேரூன்றிய ஆழத்தை இலக்கியமும் காட்டுகிறது. பழனி முருகனைத் தலைவனாகக் கொண்டு சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது', அயல்நாட்டுப் பயிர் ஒன்று சிற்றிலக்கிய மரபில் தூதாகச் செல்லும் அளவுக்கு உள்ளூர்மயமானதற்குச் சான்றாகும்.

2. பெயர் பெற்ற ஊரும் இலை விளைந்த ஊரும்

திருச்சிராப்பள்ளி நகரைச் சேர்ந்த உறையூர், சுருட்டுத் தொழிலின் மையமாக விளங்கியது. ஆனால் அங்குச் சுருட்டப்பட்ட இலையின் பெரும்பகுதி திண்டுக்கல், கோயம்புத்தூர் வட்டாரங்களில் விளைந்தது. படைநகரமாகவும் வணிக நகரமாகவும் இருந்த திருச்சிராப்பள்ளியின் பெயரே சரக்குக்கு வாய்த்தது. பொருள் விளைந்த இடத்தின் பெயர் மறைந்து, அது கைமாறிய இடத்தின் பெயர் நிலைப்பது வணிக வரலாற்றில் பரவலாகக் காணப்படும் நிகழ்வு.

பின்னர்த் திண்டுக்கல்லிலேயே ஐரோப்பிய முதலீட்டில் சுருட்டுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1863இல் சென்னையில் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டு உற்பத்தி செய்தது. அதன் 'லைட் ஆஃப் ஏசியா' என்னும் சுருட்டு பெயர் பெற்றது. இத்தகைய தொழிற்சாலைகள் உள்ளிலைக்கு உள்ளூர்ப் புகையிலையையும் மேலிலைக்கு ஜாவா முதலிய இடங்களிலிருந்து வந்த இலையையும் பயன்படுத்தின. ஆகவே இந்தியச் சுருட்டு என விற்கப்பட்ட உயர் வகையின் வெளித்தோற்றம் அயல் இலையால் அமைந்தது. முழுவதும் உள்ளூர் இலையால் ஆன சுருட்டு, மலிந்த வகையாகச் சந்தையில் தங்கியது.

டாயிலின் 1887ஆம் ஆண்டுக் கதையில், தரையில் கிடந்த கருநிறமும் செதிலாக உதிரும் தன்மையும் கொண்ட சாம்பலைக் கண்டு, அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் எனத் துப்பறிவாளர் துணிகிறார். 1890இல் வெளிவந்த கதையில் 140 வகைப் புகையிலைச் சாம்பல் பற்றி அவர் நூல் எழுதியதாகவும் வருகிறது. புனைகதையைச் சாம்பல் ஆய்வுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் விளக்கம் தராமலே இப்பெயரைப் பயன்படுத்தும் அளவுக்கு இங்கிலாந்து வாசகரிடையே அது பழகியிருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

3. நிலமும் பாடமும்

ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்னும் பெயர்கள் திண்டுக்கல் வட்டாரப் புகையிலை வகைகளைக் குறிப்பன. அவ்வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் சுருட்டுப் புகையிலை பயிராயிற்று. சுருட்டின் தரத்தை நிலமும் நீரும் முதலில் முடிவு செய்கின்றன. இலையில் பொட்டாசியம் மிகுந்தால் நெருப்பு சீராகப் பரவும். உவர்நீர் வழியாகக் குளோரைடு மிகுந்தால் இலை சரியாக எரியாமல் அணைந்து அணைந்து போகும். மெல்லும் புகையிலைக்கு உவர்நீர் பொருந்தும். புகைக்கும் இலைக்கு அதே நீர் குற்றம். எந்தக் கிணற்று நீர் எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்னும் உழவரின் தேர்வே சுருட்டுத் தேர்வின் முதற்படி.

சாம்பலின் இயல்பும் நிலத்தைச் சார்ந்ததே. மக்னீசியம் மிகுந்த இலை வெண்மையான, ஆனால் எளிதில் உதிரும் சாம்பலைத் தருகிறது. எனவே வெண்சாம்பல் உயர்ந்தது, கருஞ்சாம்பல் தாழ்ந்தது என்னும் நம்பிக்கையைப் பொது விதியாகக் கொள்ள இயலாது.

இரண்டாம் படி 'பாடம்'. அறுத்த புகையிலையை உலர்த்தி, குவியலாக அடுக்கி, உள்ளே சூடேறும்போது பிரித்து மேல்கீழாக மாற்றி அடுக்கி, மீண்டும் சூடேற விடுவது இதன் அடிப்படை. நொதித்தலால் பச்சை நாற்றமும் கடுமையும் குறைகின்றன, நிறம் சமமாகிறது. குவியலை உரிய காலத்தில் பிரிக்காவிட்டால் இலை வெந்து கருகும். விரைந்து பிரித்தால் பச்சைத்தன்மை நீங்காது. கையை உள்ளே விட்டுச் சூட்டையும் ஈரத்தையும் அறியும் இத்திறன் ஏட்டில் எழுதப்படாத அறிவு.

அரசு சார்ந்த ஆய்வு இத்துறைக்கு மிகப் பிந்தியே வந்தது. 1947இல் இராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1948இல் திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கான ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. சுருட்டு ஏற்றுமதியின் புகழ் உச்சத்தில் இருந்த காலத்தில் இலையறிவு முழுவதும் உழவரிடமும் வணிகரிடமும்தான் இருந்தது என்பதை இக்காலவரிசை காட்டுகிறது.

இலங்கையின் யாழ்ப்பாணம் இதற்கு ஒப்புமையாகிறது. அங்குப் புகையிலை புகைக்குடில்களில் புகையூட்டிப் பாடம் செய்யப்பட்டது. மெல்லும் புகையிலையாகத் திருவிதாங்கூருக்குச் சென்ற சரக்கு அச்சந்தையில் தளர்ந்தபோது, சுருட்டுத் தொழில் வலுப்பெற்றது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைகள் இலங்கையின் தென்பகுதி ஊர்களிலும் பரவின. ஒரே தாவரம், பாடம் செய்யும் முறையாலும் சந்தையாலும் வேறு பொருளாக மாறுவதை இது விளக்குகிறது.

4. வாங்குவோர் தேர்வு

சுருட்டின் உடல் மூன்று பகுதிகளால் ஆனது: உள்ளே நிரப்பும் இலை, அதனைக் கட்டிப் பிடிக்கும் இலை, மேலே சுற்றும் இலை. இலையை நனைத்து, நடு நரம்பை நீக்கி, உள்ளிலையைக் கையால் சேர்த்து, மேலிலையைச் சாய்வாகச் சுற்றி முடிப்பர். ஹவானாச் சுருட்டின் ஒரு முனை மூடியிருக்கும். அதனை வெட்டக் கருவி வேண்டும். தமிழகச் சுருட்டின் இரு முனைகளும் திறந்தவை. தீக்குச்சியைத் தவிர வேறொன்றும் வேண்டா. புதிதாகப் புகைக்கத் தொடங்கிய கீழ்நிலைப் படைவீரரும் சிறுசம்பளக்காரரும் இதனை வாங்க முடிந்ததற்கு விலையோடு இந்த அமைப்பும் காரணமாயிற்று.

விலையுயர்ந்த பெட்டியை நம்பி வாங்க முடியாதவர்க்குக் கையும் கண்ணும் மூக்குமே அளவுகோல். விரலிடையே மெல்ல உருட்டினால் முழு நீளத்திலும் ஒரே இறுக்கம் இருத்தல் வேண்டும். ஓரிடம் கல்லாக இறுகியிருந்தால் காற்று இழுபடாது; ஓரிடம் குழிந்தால் ஒருபக்கமாக எரியும். மேலிலையில் தடித்த நரம்பும் பச்சைத் திட்டும் பாடத்தின் குறையைக் காட்டும். ஊசித்துளை போன்ற ஓட்டை வண்டின் அடையாளம். மேலே படிந்த வெண்பொடி விரலால் துடைத்தால் முற்றும் நீங்குமாயின் அது பொதுவாக இலையின் எண்ணெய்ப் பொருள் வெளிப்பட்டுப் படிந்தது. பஞ்சுபோல் எழுந்து பச்சை அல்லது நீல நிறம் காட்டினால் பூஞ்சணம். அம்மோனியா நாற்றம் வீசினால் நொதித்தல் முடியவில்லை எனக் கொள்ளலாம்.

நிறத்தைக் கொண்டு காரத்தை அளப்பது பிழையான வழக்கு. கருமை பாடத்தின் கால அளவாலும் சூட்டாலும் வருவது. காரம் பெரும்பாலும் உள்ளிலையைப் பொறுத்தது. கருத்த சுருட்டு எல்லாம் கடுமையானது என்று ஒதுக்கியவரும், வெளுத்த சுருட்டு மென்மையானது என்று நம்பியவரும் மேலிலையை மட்டுமே கண்டவராவர். அயலிலிருந்து வந்த மேலிலை சுருட்டின் விலையை உயர்த்தியதற்கு இத்தகைய கண்வழித் தேர்வும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

5. காப்பு முறை

புகையிலை காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் இழந்தும் மாறும் பொருள். தமிழகத்தின் கோடையில் சுருட்டு உலர்ந்து மேலிலை வெடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஈரமேறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஹவானா வகைக்கு 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் ஏறத்தாழ 18 முதல் 21 பாகை வெப்பமும் உகந்தவை என்பது பொதுவழக்கு. அவ்வெப்பநிலையைத் தமிழகச் சமவெளியில் செயற்கைக் குளிரூட்டலின்றிப் பெறுவது பெரும்பாலும் அரிது. ஆகவே இந்நாட்டுச் சுருட்டு உலர்ந்த நிலையிலேயே புகைக்கத்தக்கதாக அமைந்தது என்பது தட்பவெப்பத்தோடு பொருந்தும் விளக்கமாகும்.

வெப்பத்தில் பெருகும் புகையிலை வண்டு சேமிப்பின் தலையாய பகை. இலையில் இடப்பட்ட முட்டை, வெப்பமும் ஈரமும் சேர்ந்தபோது பொரிந்து, புழு உள்ளிலையைத் துளைக்கிறது. ஒரு சுருட்டில் தோன்றினால் பெட்டி முழுவதும் பரவும். இன்று சேமிப்போர் உறைகுளிரில் சில நாள் வைத்து இதனைத் தடுக்கின்றனர். குளிர்பதனம் இல்லாத காலத்தில், சிறு அளவாக வாங்கி விரைவில் தீர்ப்பதே எளியோர்க்கு ஏற்ற காப்பு. கட்டாகவும் ஒற்றையாகவும் சுருட்டு விற்கப்பட்ட முறையை இந்நோக்கிலும் காணலாம்.

ஏற்றுமதிச் சுருட்டுக்கு மரப்பெட்டி தேவைப்பட்டது. மேலை நாடுகளில் 'ஸ்பானிய தேவதாரு' என வழங்கும் மரம் உண்மையில் தேவதாரு இனம் அன்று. வேம்பின் குடும்பத்தைச் சார்ந்த செட்ரெலா. அதன் நெருங்கிய உறவாகிய தூன் என்னும் சந்தன வேம்பு இந்தியாவில் வளர்வது. முன்பு அதனையும் செட்ரெலா இனமாகவே தாவரவியலார் வகுத்திருந்தனர். எடை குறைந்த, மணமுள்ள இம்மரம் இந்தியாவில் சுருட்டுப் பெட்டிக்குப் பயன்பட்டது. கியூபப் பெட்டியின் மணத்தை உயர்தரத்தின் அடையாளமாகக் கொண்டவர்க்கு அதன் உறவு மரம் இங்கேயே கிடைத்தது.

எளிய வீட்டில் மரப்பெட்டிக்கு மாற்றாக இறுக மூடும் தகரப் பெட்டியோ கண்ணாடிச் சாடியோ போதுமானது. ஈரப்பதத்தை நிலைநிறுத்தும் அறிவியலும் எளியதே: சோற்றுப்பில் சிறிது நீர் சேர்த்துக் குழைத்து மூடிய கலத்துள் வைத்தால் உள்ளே ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டில் நிற்கும். ஈரமானியைச் சரிபார்க்க இன்றும் இம்முறையே கையாளப்படுகிறது. காப்பின் அடிப்படை, பெட்டியின் விலையில் இல்லை. மூடியின் இறுக்கத்திலும் ஈரத்தின் நிலைப்பாட்டிலும் உள்ளது.

6. தரம் பிரித்தலும் கூலியும்: வேலூர் வட்டார ஒப்பீடு

இருபதாம் நூற்றாண்டில் எளியோரின் புகைப்பொருள் என்னும் இடத்தைச் சுருட்டு படிப்படியாக இழந்தது. 1910இல் இம்பீரியல் புகையிலை நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டபின் சிகரெட் ஒருபுறமும், பீடி மறுபுறமும் அவ்விடத்தைப் பற்றின. தோல் தொழிலால் அறியப்படும் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில், குடியாத்தம், பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் பீடி சுற்றுதல் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் தொழிலாகப் பரவியது. தோல் பதனிடும் தொழிற்கூடம் மதில் சூழ்ந்து கண்ணுக்குத் தெரிவது. பீடித் தொழிலோ திண்ணையிலும் கூடத்திலும் சிதறிக் கிடப்பது.

சுருட்டுக்கும் பீடிக்கும் உள்ள வேறுபாடு காப்பிலும் தெரிகிறது. சுருட்டின் மேலிலை புகையிலையே. ஈரம் தவறினால் பொருள் கெடும். பீடியின் மேலிலை மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் தெண்டு இலை. உள்ளே புகையிலைத் தூள். நனைத்து வெட்டிச் சுற்றியபின் உலர்த்திய நிலையிலேயே அது விற்பனைக்குச் செல்லும். நீண்ட பாடமோ ஈரக் காப்போ வேண்டாத இப்பொருள், முதலீடற்ற வீடுகளுக்கு எளிதில் பகிரத்தக்கதாயிற்று. தரகர் இலையும் தூளும் எடையிட்டுக் கொடுப்பார். சுற்றிய பீடியை எண்ணிப் பெறுவார். பெறும்போது தரமற்றவற்றைக் கழிப்பார். கழித்தவற்றுக்குக் கூலி மறுக்கப்படும்போது, இலையின் குறையும் தொழிலாளியின் குறையாகக் கணக்கிடப்படுகிறது.

தேர்வு என்பது இங்குக் கூலிச் சிக்கலாக மாறுகிறது. 1958ஆம் ஆண்டுச் சென்னை மாநிலச் சட்டம் பீடித் தொழிலகங்களின் வேலைநிலைகளை ஒழுங்குபடுத்த முனைந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1966இல் வந்தது. அது பீடித் தொழிலாளரையும் சுருட்டுத் தொழிலாளரையும் ஒருங்கே உள்ளடக்கியது. மூலப்பொருள் வழங்கல், செய்த பீடியையும் சுருட்டையும் கழித்தல், கழித்தவற்றுக்குக் கூலி ஆகிய மூன்றையும் பற்றிய பூசல்களைத் தீர்க்க அதன் 39ஆம் பிரிவு தனி வழி வகுத்தது. மங்களூர் கணேஷ் பீடி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974இல் இச்சட்டத்தைச் செல்லத்தக்கதாக ஏற்றது. 'இது நல்ல சுருட்டு, இது கழிவு' என்னும் தீர்ப்பைச் சட்டம் வழக்குக்குரிய பொருளாகக் கண்டது இதன் சிறப்பு. சுருட்டு வரலாற்றை எழுதுவோர் டாயிலின் கதையை மேற்கோள் காட்டும் அளவுக்கு இப்பிரிவைக் கருதாமை ஒரு குறையே.

தரத்தின் மற்றோர் எல்லையையும் இங்குக் குறித்தல் வேண்டும். எவ்வளவு தேர்ந்து வாங்கினாலும் சுருட்டு உடலுக்குக் கேடு தருவது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையதால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறும். புகையை உள்ளிழுக்காதவரும் வாய்ப்புற்றுக்கு விலக்கல்லர். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் சுருட்டின் எரிமுனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களிடம் அண்ணப் புற்று மிகுதியாகக் காணப்பட்டது மருத்துவ இலக்கியத்தில் அறியப்பட்டதே. 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டம் சிகரெட்டோடு சுருட்டையும் பீடியையும் தன் வரம்பில் கொண்டது. கைத்தொழில் என்பதால் சுருட்டுக்கு விலக்கில்லை.

முடிவுரை

திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் வரலாற்றில் தேர்வு நான்கு இடங்களில் நிகழ்ந்தது. உழவர் நீரையும் நிலத்தையும் தேர்ந்தார். பாடம் செய்பவர் குவியலைப் பிரிக்கும் நேரத்தைத் தேர்ந்தார். சுருட்டுபவரின் கைப்பொருளைக் கூடத்தில் இருந்தவர் தேர்ந்து கழித்தார். வாங்குவோர் கடையில் தேர்ந்தார். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட ஊர்ப்பெயரும் நிறுவனப் பெயரும் இவற்றுள் எதனையும் தெரிவிப்பதில்லை. குறைந்த விலைக்கு வாங்கியவர் பெயரை விட்டு இலையைத் தொட்டுப் பார்த்ததால், முதல் மூவரின் உழைப்புக்கு மிக அருகில் நின்றவர் அவரே.

காப்பு முறையும் இதையே உணர்த்துகிறது. தட்பவெப்பத்துக்கு ஏற்ற உலர்ந்த சுருட்டு, சிறு அளவு கொள்முதல், இறுகிய மூடி ஆகியவை செல்வ வளத்தால் அமையாத, சூழலறிவால் அமைந்த தீர்வுகள். உறையூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் ஆகிய சுருட்டு மையங்களையும் வேலூர் வட்டாரப் பீடித் தொழிலையும் இணைத்து நோக்கினால், தமிழர் புகையிலைத் தொழிலின் வரலாறு நுகர்வோர் புகழுரையிலிருந்து விலகி, பாடம் செய்த கையையும் கழிக்கப்பட்ட கட்டையும் கணக்கில் கொள்ளும் வரலாறாக விரிவடையும்.